யாருக்கும் தெரியாத எழுத்தில் நூற்றுக்கு நூறு

மாணவர்கள் படிப்புக்கு உதவும் இலவசக் கணினிக் கருவிகளைப் பற்றி, புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஆசிரியப் பயிற்றுநர்களிடம் அரை மணி நேரம் பேச முடியுமா என்று என்னைக் கேட்டார்கள். கேட்ட பெண்ணுக்கு என் மகள் வயது இருக்கும். "மேடம், உத்திரமேரூர் பக்கம் ஸ்கூலுக்கெல்லாம் மொதல்ல சிடி கொண்டு போனதே நீங்கதானாமே" என்றாள். கொண்டு போனது உண்மை. அதனால் பிள்ளைகளுக்கு நல்லது நடந்ததா என்று அடுத்த கேள்வி கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன். ஓய்வு பெற்று இத்தனை வருடமாகியும் எனக்கு அது பிடிபடவில்லை. மேடையில் நின்று உளறுவதற்குப் பதில் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுதினால் தெளிந்துவிடும் என்று ஒரு நப்பாசை.

என் உத்தியோகக் கதையில் பெரிதாக ஒன்றும் இல்லை. காஞ்சிபுரத்தில் ஆசிரியர் பயிற்சி. தொண்ணூறுகளில் பழையசீவரம் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. கரும்பலகையையும் சாக்பீசையும் வைத்துக்கொண்டு குழப்பமே இல்லாமல் காலம் போயிற்று. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் வட்டார வள மையம் என்று புது ஆபீஸ் வந்தது. ஊர் ஊராகப் போய் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, வகுப்பில் உட்கார்ந்து பிள்ளைகள் படிக்கிறார்களா என்று பார்ப்பது, வந்து அறிக்கை எழுதுவது, இவைதான் அங்கே வேலை. என்னை அதில் தூக்கிப் போட்டார்கள். பிறகு ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. யாருக்கு இது தெரியும் என்று விசாரித்தபோது, நான் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவள் என்று யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். எழுத்துக் கட்டைகள் இரண்டிலும் ஒரே மாதிரி இருந்ததால் அன்றோடு என் தலையெழுத்து முடிவாகிவிட்டது.

எங்கள் மேற்பார்வையாளர் தணிகாசலம் சார். அவர் யாரையும் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. கெட்ட செய்தி வருகிறது என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். உடனே எழுந்து போய் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து உட்காருவார். விசிறி ஓடினால் காதில் சரியாக விழாதாம். அவர் அறையில் விசிறி நின்றால், வெளியே இருக்கும் நாங்கள் எல்லோரும் அவரவர் ஃபைலைத் திறந்து வைத்துக்கொள்வோம்.

நல்ல மனிதர்தான். ஆனால் எந்த விவகாரத்திலும் ஒரு பக்கம் சாய மாட்டார். இரண்டு பள்ளிகள் ஒரே டி.வி.க்கு அடித்துக்கொண்டபோது டி.வி.யை ஒரு பள்ளிக்கும் டி.வி.டி. பிளேயரை இன்னொரு பள்ளிக்கும் அனுப்பி வைத்தார். இரண்டும் அந்தந்தப் பள்ளியில் பெட்டி பிரிக்காமல் கிடந்தன. ஒருவரும் புகார் சொல்லவில்லை, ஆளுக்கு ஒன்று கிடைத்துவிட்டதே. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று இருக்கும் இந்தக் குணத்தைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நடுநிலைப் பள்ளிகள் சிலவற்றுக்குத் தலா மூன்று கம்ப்யூட்டர் வந்த வருடம் அது. மெஷின் வந்ததே தவிர அதில் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. சென்னையில் சில இளைஞர்கள் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் பாடப் புத்தகத்தைக் கேள்வி பதிலாக்கி ஒரு சிடி தயாரித்து இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தணிகாசலம் சார் அதில் ஒரு கட்டு வாங்கி என் மேசையில் வைத்தார். ஆபீஸ் மெஷினில் போட்டுப் பார்த்தேன், எனக்கே பிடித்துப்போயிற்று. பாடத்தைத் தேர்ந்தெடுத்தால் கேள்வி வரும், கீழே நான்கு விடைகள். சரியான விடையை அழுத்தினால் கோயில் மணி அடிக்கும். தப்பென்றால் தவளை கத்தும். கடைசியில் நூற்றுக்கு எவ்வளவு என்று எண் வரும். கேள்விகள் எப்போதும் ஒரே வரிசையில்தான் வரும், ஆனால் விடைகள் ஒவ்வொரு முறையும் இடம் மாறி உட்காரும். மேலிருந்து இரண்டாவது என்று மனப்பாடம் செய்து ஏமாற்றக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. நம் பிள்ளைகளின் மனப்பாட வித்தை இந்த மெஷினிடம் பலிக்காது என்று தணிகாசலம் சாரே சிரித்தார்.

இலவசம் என்றதும் ஊரில் ஆளுக்கு ஒன்று பேசினார்கள். "சும்மா குடுக்கறாங்கன்னா எலெக்‌ஷன் எதனா வருதா டீச்சர்?" என்று பஸ்ஸில் ஒருவர் கேட்டார். பள்ளிகளில் அப்படி யாரும் கேட்கவில்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். ஓடுகிறதா, ஓடுகிறது. சரி, வைத்துக்கொள்வோம். அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்த பள்ளி மாகறல் தாண்டி, செய்யாற்றுக்கு அந்தப் பக்கம். பெயர் வேண்டாம். தலைமையாசிரியர் சம்பந்தம் சார் அந்தக் கம்ப்யூட்டர் அறையைக் கர்ப்பக்கிருகமாகவே நடத்தினார். செருப்பை வெளியே விட வேண்டும். காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போக வேண்டும். மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் இட்டிருக்கும். சாயங்காலம் மவுசைக் கழற்றித் துணிப்பையில் போட்டு ஆணியில் மாட்டுவார், வயரை எலி கடிக்கிறது என்று. பிள்ளைகள் ஒரு மெஷினுக்கு இரண்டு பேராக வந்து உட்கார்ந்து, சார் தலையசைத்த பிறகுதான் கையை வைப்பார்கள்.

சிடியைக் கொடுக்கப் போன நாளிலிருந்தே, நான் அந்த ஊருக்குப் போகும்போதெல்லாம் கரண்ட் இருக்காது. அது என் ராசி. மெஷின்களைத் துணி போர்த்திய கோலத்தில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். மதிப்பெண்கள் மட்டும் மாதம் ஒரு ஃப்ளாப்பியில் ஆபீசுக்கு வந்துவிடும். அதில் எட்டாம் வகுப்பு அறிவியலில் அஞ்சலை என்ற பெண் மாதா மாதம் ஏறிக்கொண்டே போனாள். கார்த்திகை மாத ஃப்ளாப்பியில் அவளுக்கு நூற்றுக்கு நூறு. அந்த வட்டாரத்திலேயே வேறு யாருக்கும் நூறு இல்லை.

அஞ்சலை ஏரிக்கரை இருளர் குடியிருப்புப் பெண். அப்பா கன்னியப்பன், வயல் கூலி. வருடா வருடம் பொங்கல் முடிந்ததும் அந்தக் குடியிருப்பில் பாதிப் பேர் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது அடுத்த வருடத்துக்குப் பள்ளிக்கூடம் திறந்திருக்கும். அஞ்சலையும் ஒவ்வொரு வருடமும் அப்படிப் பாதியில் போய்ப் பாதியில் வந்தவள்தான். இந்தத் தடவை போனால் வர மாட்டாள், பெரிய பெண்ணாகிவிட்டாள், சூளையிலேயே நிறுத்திக்கொள்வார்கள் என்று சம்பந்தம் சாருக்குக் கவலை. நூறு வந்ததும் கன்னியப்பனைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். "கம்ப்யூட்டரே நூறு போட்டுடுச்சுப்பா. பொண்ண இட்டுகினு போவாத. அத்தை வூட்ல வுட்டுட்டுப் போ" என்றாராம். கன்னியப்பன் தலையை ஆட்டிவிட்டுப் போனாராம். சம்பந்தம் சார் ஒரு கிலோமீட்டர் நடந்து போய் டெலிபோன் பூத்திலிருந்து எனக்கு இதைச் சொன்னார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

மார்கழி தொடக்கத்தில் ஒரு நாள் போனேன். அதிசயமாகக் கரண்ட் இருந்தது. அஞ்சலை மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான பெண், இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. நான் பின்னால் போய் நின்று திரையைப் பார்த்தேன். திரையில் தமிழே இல்லை. ஆங்கிலமும் இல்லை. தலையில் இரண்டு புள்ளி வைத்த ஓ, கூரை போட்ட ஏ, வால் முளைத்த சி, நெளிகோட்டைத் தலையில் சுமந்த என், நடுநடுவே கேள்விக்குறி. ஒரு வரிகூட மனிதர் படிக்கிற மாதிரி இல்லை. அந்தப் பெண் அதை ஒரு பார்வை பார்ப்பாள், டக்கென்று அழுத்துவாள். மணி அடிக்கும். அடுத்தது. மறுபடி மணி.

"நிறுத்தும்மா. இது என்ன கேள்வி?" என்றேன்.

"மூணாங் கேள்வி டீச்சர்."

"அது தெரியுது. அதுல என்ன கேட்டிருக்கு?"

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அது கம்ப்யூட்டர் பாஷ டீச்சர். படிக்க வராது. பதில் மட்டுந்தான் தெரியும்."

பதில் எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். மூன்றாம் கேள்விக்குப் பாம்பும் அதற்குப் பக்கத்தில் ரெண்டு கண்ணும் வந்தால் அதுதான் பதில். நாலாவதுக்குக் குடையில் ஆரம்பித்து வாலில் முடிவது. நெளிகோட்டுக்குப் பாம்பு என்றும், இரட்டைப் புள்ளிக்கு ரெண்டு கண்ணு என்றும், கூரைக்குக் குடை என்றும் அவளே பெயர் வைத்திருந்தாள். தவளை கத்தக் கத்த ஒவ்வொன்றாகத் தள்ளி, மணி அடித்ததை மனதில் பிடித்து வைத்திருக்கிறாள். விடைகள் இடம் மாறினால் என்ன, முகம் மாறவில்லையே. மற்றப் பிள்ளைகளும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள். அவள் அளவுக்கு அவர்களால் நினைவில் வைக்க முடியவில்லை.

சம்பந்தம் சாரைப் பார்த்தேன். "நாங்களும் அப்படித்தான் நெனச்சோம் மேடம்" என்றார் அப்பாவியாக. "கம்ப்யூட்டருக்குத் தனி பாஷை உண்டுன்னு பயிற்சிக் கையேட்டுல மொதப் பக்கத்துலயே போட்டிருந்துச்சே. மெஷின் மாட்ட வந்த பையனைக் கேட்டேன், அப்படித்தான் வரும் சார்னு சொல்லிட்டுப் பஸ்ஸுக்கு ஓடிட்டான்." அவரை என்ன சொல்ல முடியும். கையேட்டில் அப்படித்தான் போட்டிருந்தது.

காரணம் சின்னதுதான். தமிழ் எழுத்தைத் திரையில் காட்ட ஒரு எழுத்துரு வேண்டும். அதுவும் இலவசம்தான், ஆனால் தனியாக ஏற்ற வேண்டும். எங்கள் ஆபீஸ் மெஷினில் சுற்றறிக்கை அடிப்பதற்காக முன்பே ஏற்றி வைத்திருந்ததால் எனக்குத் தமிழாகவே தெரிந்தது. அது இல்லாத மெஷினில் ஒவ்வொரு தமிழ் எழுத்தின் இடத்திலும் ஏதோ ஒரு அந்நிய எழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும். சிடியோடு வந்த ஆங்கிலக் குறிப்பில் ஒரு மூலையில் இது எழுதியிருந்ததை அப்புறம்தான் தேடிப் படித்தேன்.

அடுத்த நாள் எழுத்துருவை ஃப்ளாப்பியில் எடுத்துக்கொண்டு போய் மூன்று மெஷினிலும் ஏற்றி, அணைத்துப் போட்டேன். பாம்பும் குடையும் போய்த் தமிழ் வந்தது. பிள்ளைகள் கை தட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவன் மட்டும் "ஐய, தமிழா" என்றான். இத்தனை மாதம் ஏதோ பெரிய பாஷையைக் கற்றுக்கொண்டிருக்கிறோம் என்று இருந்திருக்கிறார்கள். அது போன வகுப்பில் நடத்திய பாடம்தான் என்று தெரிந்ததும் முகம் தொங்கிவிட்டது.

அஞ்சலையை உட்காரவைத்தேன். தவளை கத்தியது. மறுபடி கத்தியது. கத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் பதினெட்டு என்று வந்தது. முன் பெஞ்சுப் பிள்ளைகள், போன மாதம் முப்பது நாற்பது என்று இருந்தவர்கள், எழுபது எண்பது வாங்கினார்கள். கேள்வியை வாய்விட்டுப் படி என்று அஞ்சலையிடம் சொன்னேன். முதல் எழுத்தைச் சொன்னாள், இரண்டாவதைச் சொன்னாள், அதற்கு மேல் சேர்க்க வரவில்லை. எட்டாம் வகுப்பு. வருடத்தில் பாதி சூளையில் கழிந்த பெண்ணுக்குத் தமிழ் எழுத்து எங்கேயோ நடுவில் நழுவிப் போயிருக்கிறது. யாருக்கும் படிக்க வராத எழுத்தில் எல்லோரும் ஒரே இடத்தில் நின்றபோது அவள்தான் முதல். தமிழ் வந்ததும் பழைய கடைசி பெஞ்சுக்கே போய்விட்டாள். அவளைப் போக வைத்தது நான் கொண்டு வந்த ஃப்ளாப்பி. எனக்கு அங்கேயே அழுகை வந்தது.

எது அவள் மதிப்பெண்? நூறா, பதினெட்டா? அறிக்கையில் எதை எழுதுவது? ஒன்றும் தெரியாமல் நூறு வாங்கினாள் என்று எழுதலாம். ஆனால் அர்த்தமே இல்லாத எழுத்தில் அத்தனை விடைகளை ஒருத்தி அடையாளம் கண்டுபிடித்து வைத்தாள் என்றால், ஒன்றும் தெரியாதவள் என்று எப்படிச் சொல்வது? யோசிக்க யோசிக்க என் மண்டை காய்ந்தது.

அந்த வாரமே கன்னியப்பன் வந்தார். நான் அன்று பள்ளியில்தான் இருந்தேன். வாசலிலேயே நின்றார். "இன்னா டீச்சர், போன மாசம் நூறுன்னாங்க. இப்ப பதினெட்டுன்னு பாப்பா சொல்லுது. படிக்கப் படிக்கக் கொறையுமா அது?"

நான் எழுத்துரு என்றால் என்ன என்று ஆரம்பித்தேன். மெஷினுக்குள் எழுத்து எண்ணாக இருக்கும் என்றேன். எனக்கே பாதிதான் புரியும், அதை அவருக்குச் சொல்லப் போய் முழுதும் குழம்பி, நடுவில் நிறுத்திவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டு, "செரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எதற்குச் சரி என்றார் என்று எங்களுக்கு விளங்கவில்லை. சம்பந்தம் சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "போச்சு மேடம். இட்டுகினு போயிடுவாரு. அந்த எழுத்தை எடுத்துடுங்க. பொங்கல் வரைக்கும் பழையபடி இருக்கட்டும். பொண்ணு இங்க தங்கிட்டா அப்புறம் தமிழைப் போட்டுக்கலாம்."

பொய் நூறைக் காட்டி ஒரு பெண்ணை நிறுத்துவதா, உண்மைப் பதினெட்டைக் காட்டி அனுப்பிவைப்பதா? முடியாது என்று சம்பந்தம் சாரிடம் கத்தினேன். பஸ்ஸில் வரும்போது அவர் சொன்னதுதான் சரியோ என்று பட்டது. இறங்குவதற்குள் மறுபடி மனம் மாறிற்று. நேராகத் தணிகாசலம் சார் அறைக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து விசிறியை நிறுத்தினார்.

எல்லாவற்றையும் கேட்டார். மேசை மேல் இருந்த காகிதங்களை ஓரம் பார்த்து அடுக்கினார். "நீங்க தமிழ் வேணுங்கறீங்க. அவர் பழசு வேணுங்கறார்."

"ஆமா சார்."

"மூணு மெஷின் இருக்கு இல்ல?"

எனக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் சார் என்று சொல்வதற்குள் சொல்லிவிட்டார். "ரெண்டுல தமிழ் இருக்கட்டும். ஒண்ணுல பழசே இருக்கட்டும். ரெண்டு பேருக்கும் மனக்குறை வேணாம்." எழுந்து விசிறியைப் போட்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

இதைவிடப் பைத்தியக்காரத்தனமான உத்தரவை என் உத்தியோகத்தில் நான் வாங்கியதில்லை. டி.வி. ஒரு ஊரில், பிளேயர் ஒரு ஊரில். திட்டிக்கொண்டே போய் ஒரு மெஷினில் எழுத்துருவை நீக்கிவிட்டு வந்தேன்.

பொங்கல் விடுமுறைக்கு முன்னால் போனபோது அறையில் ஒரு மாற்றம் இருந்தது. தமிழ் மெஷின் ஒன்றையும் பழைய மெஷினையும் பக்கத்தில் பக்கத்தில் இழுத்து வைத்திருந்தார்கள். நடுவில் முக்காலி போட்டு அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். இரண்டிலும் ஒரே பாடம், ஒரே கேள்வி. பழையதில் அவளுக்குத் தெரிந்த பதிலை அழுத்துவாள், மணி அடிக்கும். பிறகு கழுத்தைத் திருப்பித் தமிழ்த் திரையில் அதே பதிலைத் தேடுவாள். அங்கே எத்தனை எழுத்து, இங்கே எத்தனை எழுத்து என்று விரலால் தொட்டுப் பார்ப்பாள்.

"இன்னா பண்ற அஞ்சலை?" என்றேன். எனக்கும் அந்த ஊர்ப் பேச்சு ஒட்டிக்கொண்டுவிட்டது.

"இது ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர்" என்றாள். "இங்க பாம்பு வந்தா அங்க 'வே'க்குப் போடற கொம்பு. எல்லா எடத்துலயும் பாத்துட்டேன். கொம்பு மொதல்ல வரும், எழுத்து பின்னாடி வரும். இங்கயும் அப்டிதான்." அவள் சொன்னது உண்மைதான். எழுத்துக்கு எழுத்து அப்படியே இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது, வேறொன்றும் இல்லை. இத்தனை நாள் அந்த எழுத்துருவை வைத்து வேலை பார்த்தும் எனக்கு அது தோன்றியதே இல்லை. குடைக்குத் தமிழில் எது, வாலுக்குத் தமிழில் எது என்று அவள் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே வந்தாள். அந்நிய எழுத்து அவளுக்குச் சொந்த எழுத்தாகிவிட்டது, அதை வைத்துத் தமிழை அந்நிய எழுத்தாகக் கற்றுக்கொண்டிருந்தாள்.

இதை எந்தப் பயிற்சிக் கையேட்டில் சேர்ப்பது? எழுத்துரு இல்லாமல் போடு, பிள்ளை அதைக் கற்றுக்கொள்ளட்டும், பிறகு பாதி மெஷினில் மட்டும் ஏற்று என்றா? தணிகாசலம் சாரிடம் போய்ச் சொன்னேன். விசிறியை நிறுத்தாமலே கேட்டார். "நல்லதாப் போச்சு" என்றார். எப்படி என்று அவருக்கும் தெரியவில்லை.

காணும் பொங்கல் முடிந்து பள்ளி திறந்தது. மறுநாள் சூளைக்கு லாரி வருகிறது என்று குடியிருப்பில் பேச்சு. அன்று சாயங்காலம் கன்னியப்பன் வருவார் என்று சம்பந்தம் சார் சொல்லியனுப்பியதால் நானும் போயிருந்தேன். வந்தார். செருப்பை வெளியே விட்டு, காலைக் கழுவிக்கொண்டு, முதல் தடவையாக அந்த அறைக்குள் வந்தார். "பொண்ணைக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். எதைக் கேட்க என்று சொல்லவில்லை.

சம்பந்தம் சார் என் காதருகில் வந்தார். "பழைய மெஷின்ல போடச் சொல்லுங்க மேடம். நூறு வரும். கண்ணால பாத்துட்டா வுட்டுட்டுப் போயிடுவாரு." நான் அவளிடம் அப்படிச் சொல்லவில்லை. கூடாது என்று அவரிடமும் சொல்லவில்லை. என் தைரியம் அவ்வளவுதான் இருந்தது.

அஞ்சலை இரண்டு திரையையும் பார்த்தாள். முக்காலியை நகர்த்தித் தமிழ் மெஷின் முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

உதடு அசைய அசைய ஒவ்வொரு வரியாகப் படித்தாள். சில இடத்தில் விரலை வைத்து நிறுத்தி, பக்கத்துத் திரையைப் பார்க்காமலே கண்ணை மூடி யோசித்தாள். மணி. தவளை. தவளை. மணி. சம்பந்தம் சார் ஒவ்வொரு தவளைக்கும் கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில் திரையில் எண் வந்தது. நாற்பது.

கன்னியப்பன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எவ்ளோ பாப்பா?"

"நாப்பது நைனா."

"அது இன்னா கேக்குதுன்னு தெரியுமா உனக்கு?"

அஞ்சலை முதல் கேள்விக்குத் திரும்பிப் போனாள். "செடி... மண்ணில்... இருந்து... தண்ணீரை... எதன்... மூலம்... எடுக்கிறது" என்று படித்தாள். படித்து முடிக்க ஒரு யுகம் ஆயிற்று.

"வேரு" என்றார் கன்னியப்பன்.

அவள் நான்கு விடைகளிலும் விரலை ஓட்டி, ஒன்றில் நிறுத்தி அழுத்தினாள். மணி அடித்தது. அவர் முகத்தில் சிரிப்பா என்னவென்று தெரியாத ஒன்று வந்து போனது.

சம்பந்தம் சாரால் பொறுக்க முடியவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் இருந்தா நூறு வாங்கிடுவாப்பா, முன்னாடி வாங்கினவதானே" என்று ஆரம்பித்தார். கன்னியப்பன் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். மரியாதையாகத்தான் நிறுத்தினார்.

"நீங்க நூறுன்னு சொன்னப்ப நான் நம்பல சார்" என்றார். "பெரியவரு சொல்றாரேன்னு தலைய ஆட்னேன். அவளுக்குப் பேப்பரே படிக்க வராது, நூறு எப்டி வரும்? இங்க இன்னாவோ தப்பா நடந்துகினு கீது, இட்டுகினு போயிடலாம்னுதான் இருந்தேன்." மறுபடி திரையைப் பார்த்தார். "நாப்பதுன்னா நம்பலாம். அவ இருக்கட்டும்."